முறை நிறுத்திய நாளில் வந்து மாதிரி எடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்களுக்கும், மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்தின் களப் பணியாளர்களுக்கும்,

வணக்கம். அரிசி ஆலைக் கழிவுநீர் கலக்கும் எங்கள் வாய்க்கால் தண்ணீர் பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதில் வந்து சேர்ந்தது. எடுத்த மாதிரி 'வரம்புக்குள் உள்ளது' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எந்தத் தேதியில் எடுத்தது, எந்த இடத்தில், அப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓட்டம் எவ்வளவு என்று ஒன்றும் அதில் இல்லை. பார்த்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். உங்கள் ஜீப் வந்தது முறைத் தண்ணீர், அதாவது சில நாள் விட்டுச் சில நாள் நிறுத்தும் ஆற்றுப் பாசனத் தண்ணீர், விட்டிருந்த சமயத்தில். வாய்க்கால் கரை தொட ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி, கேனில் மொண்டுகொண்டு போனார்களாம். அன்றைக்கு ஓடிய தண்ணீரில் எங்களுக்கும் குறை இல்லை.

எங்கள் கோரிக்கை இதுதான்: முறை நிறுத்திய பிறகு வாருங்கள். ஆலையின் குழாய் வாய்க்காலில் விழும் இடத்திலேயே மாதிரி எடுங்கள். எடுக்கும்போது ஊரார் நாலு பேர் பக்கத்தில் நிற்கட்டும்.

வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஆறு திறந்திருக்கும் நாட்களில் ஆலை விடுவது பெரிய தண்ணீரோடு கரைந்து போய்விடுகிறது. முறை மாறி மதகை அடைத்துவிட்டால் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வராது. அப்புறம் அங்கே தேங்கி நிற்பது முழுக்க ஆலைத் தண்ணீர்தான். புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறவைத்த தண்ணீரில் மாவுச்சத்து நிறைய. அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும் என்பது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இல்லை. மீன் வளர்வதற்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும் என்று வகுத்ததே மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான். முறை நின்ற நாட்களில் எங்கள் வாய்க்காலில் கெண்டையும் கெளுத்தியும் மேலே வந்து வாய் பிளந்து கிடந்தன. அந்த இடத்தில் அந்த நேரத்தில் அளந்திருந்தால் என்ன எண் வந்திருக்கும்?

மீனைக்கூட விடுங்கள். இந்தச் சம்பாவில் எங்கள் பக்கம் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. வாய்க்காலை ஒட்டிய பள்ளக்கால் வயல்களில் நடவு மிஷின் இறங்காது, கை நடவுதான். காலையிலிருந்து அந்தத் தண்ணீரில் நின்ற பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே அரிப்பு எடுத்து, சொறிந்து, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிட்டது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினார்கள். பாலிதீன் பையைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். சேற்றில் அது எத்தனை நேரம் நிற்கும்? வருடா வருடம் எங்கள் வயலுக்கு ஆட்களைக் கூட்டி வரும் அக்கா கடைசியில் சொல்லிவிட்டார்: "கூலி வேணாம்னு சொல்லலை தம்பி. ராத்திரி கால் எரியுது, தூங்க முடியலை. நாளைக்கு வேற ஊர்லயும் வேலைக்குப் போகணும்ல." அவரிடம் நான் என்ன பேச முடியும்? தண்ணீர் வரம்புக்குள் இருப்பதாக அரசாங்கம் சொல்லிவிட்டது, தைரியமாக இறங்குங்கள் என்றா? நாற்று வயது கடந்து முற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களின் கால்களை உங்கள் மருத்துவரோ அரசு மருத்துவரோ ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆலையை மூடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் நெல்லும் அங்கேதான் போகிறது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே மூட்டை தூக்குகிறார்கள். சுத்திகரித்த பிறகு விடட்டும் என்றுதான் கேட்கிறோம். சர்க்கரை ஆலை, சாராய ஆலை போன்ற 17 வகைத் தொழில்களுக்குக் கழிவுநீரை இடைவிடாமல் அளக்கும் கருவி வேண்டும் என்று மத்திய வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. அரிசி ஆலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே எங்களுக்குக் கருவியும் இல்லை. நீங்கள் எப்போது வந்து மொள்கிறீர்களோ அந்த ஒரு கேன் தண்ணீரை வைத்துத்தான் எங்கள் வழக்கே தீர்மானமாகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்: முறை நிறுத்திய நாளில் வாருங்கள்.

காலம் கடந்து வந்தால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆற்றில் பார்த்தோம். ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குத் தேக்க வேண்டிய தண்ணீருக்குப் பதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. அணைக்குக் கீழே நிலங்கள் உப்பேறிப் போயின. கடைசியில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம்தான் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. அந்த நொய்யலும் காவிரியில்தான் கலக்கிறது. மேட்டூருக்கு மேலேயும் கீழேயும் உள்ளவர்கள் பயன்படுத்தியது போக மிச்சம்தான் எங்களுக்கு வருகிறது. அந்த மிச்சத்திலும் சொந்த ஊர்க் கழிவைக் கலந்தால் நாங்கள் எங்கே போவது? 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது நாங்கள் உண்மையாகவே மகிழ்ந்தோம். தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய்க் கிணறு எல்லாம் வராது என்றார்கள். சரி, நல்லது. ஏற்கெனவே கரையில் இருக்கும் குழாயை யார் பார்ப்பது?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஆள் குறைவு என்பதும் எங்களுக்குத் தெரியும். முறை எப்போது நிறுத்தப்படுகிறது என்பதை நீர்வளத் துறையின் பாசனப் பிரிவிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கருக்கு நாள், நேரம் எல்லாம் தெரியும். நிறுத்திய மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்தால் போதும். ஆக்சிஜன் அளவை அங்கேயே பாருங்கள். எடுத்த நேரம், இடம், வந்த எண்கள் எல்லாவற்றையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி நீங்கள் பராமரிக்கும் இசைவுப் பதிவேட்டை, அதாவது கழிவுநீர் விடக் கொடுத்த அனுமதியின் நிபந்தனைகள் எழுதிய பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர்கள் பார்க்கலாம். அந்த ஆலைக்கு என்ன நிபந்தனையோடு இசைவு கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்க்க வருகிறோம். எந்த நாள் வரலாம் என்று தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்