ஒரே பெயருக்கு ஒரே நிறம் தராத லைப்ரரி: திருத்தம் கோரிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: லேபிள்களுக்கு நிறம் ஒதுக்கும் உங்கள் பைத்தான் லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) உள்ள பிழைகள்

ஐயா / அம்மையீர்,

லேபிள்களுக்கு மாறாத நிறம் கிடைக்கும் என்று நம்பித்தான் உரிமக் கட்டணம் கட்டினோம். 'அவசரம்' என்ற லேபிளின் நிறம் ஒரு ரீஸ்டார்ட்டைக்கூடத் தாங்கவில்லை.

மூலநிரலைப் பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பெயரை எண்ணாக்க, பைத்தானோடு வரும் ஹாஷ் ஃபங்ஷனையே அழைக்கிறீர்கள். பைத்தான் 3.3 முதல் அதன் விடை, செயலி புதிதாகத் தொடங்கும்போதெல்லாம் மாறும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. எங்கள் செயலி நான்கு கன்டெய்னர்களில், அதாவது தனித்தனியாகத் தொடங்கும் நான்கு பிரதிகளாக, ஓடுகிறது; ஒவ்வொன்றிலும் விடை வேறு. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால், சிவப்பாக இருந்த 'அவசரம்' பச்சையாகிவிடுகிறது. பார்த்தவுடன் கண்டுபிடிக்கத்தானே நிறம்?

விடை மாறாமலிருக்க, ஹாஷ் கணக்கைத் தொடங்கும் எண்ணான ஹாஷ் விதையை, சூழல் மாறியில் (செயலிக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பில்) 0 என்று வைக்கச் சொல்லி உங்கள் ஆதரவுக் குழு பதில் எழுதியது. ஒரே இடத்தில் மோதும் ஹாஷ் விடைகளை வேண்டுமென்றே குவித்துச் செயலியை முடக்கும் ஹாஷ் மோதல் தாக்குதலுக்கு எதிரான காவலை முழுச் செயலியிலிருந்தும் எடுக்கச் சொல்லும் யோசனை அது. இதை ஏற்க மாட்டோம். பெயரை யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் பைட்டுகளாக்கி, எப்போதும் ஒரே விடை தரும் எஸ்எச்ஏ-1 ஹாஷ் போட்டாலே போதும். எக்ஸ்எம்பிபி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் இயங்கும் அரட்டைச் செயலிகளுக்கான 0392ஆம் விரிவாக்கம் அப்படித்தான் செய்கிறது: விடையின் முதல் 16 பிட்டை 65536ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் நிறச் சக்கரத்தில் கோணம் கிடைத்துவிடும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 'கோவை'யின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. அதனால் கோப்பிலிருந்து ஏற்றிய கோவை நீலமாகவும், தட்டச்சு செய்த கோவை ஆரஞ்சாகவும் நிற்கின்றன. ஹாஷ் போடும் முன், இரண்டு வகையையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்ட வேண்டும்.

அடுத்தது, ஹாஷ் எண்ணை நிறங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியை வைத்து நிறம் எடுக்கும் முறை. 12 நிறங்களில் ஐந்து லேபிள்களைப் போட்டாலே, குறைந்தது இரண்டு லேபிள்கள் ஒரே நிறத்தில் விழும் வாய்ப்பு சுமார் 62 சதவீதம். புதிய பதிப்பில் 13ஆவது நிறத்தைச் சேர்த்தீர்கள். வகுக்கும் எண் மாறியதால் சராசரியாக 13 லேபிள்களில் 12 இடம் மாறின. ஹாஷ் முதல் தேர்வுக்கு மட்டும் இருக்கட்டும். அந்த நிறம் ஏற்கெனவே எடுபட்டிருந்தால் அடுத்த காலி நிறத்தைக் கொடுத்து, தரவுத்தளத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எத்தனை நிறம் சேர்த்தாலும் பழையது அசையாது.

மஞ்சள் பட்டையில் வெள்ளை எழுத்து படிக்கவே முடியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும்.

இந்தத் திருத்தங்கள் எந்தப் பதிப்பில் வரும் என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால், மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் உருவாக்கக் குழு