ஃபார்மட் செய்யச் சொல்வதா பதில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்க் கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறதே என்று சென்ற இதழின் கணினி கேள்வி-பதிலில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘அணைத்துப் போட்டுப் பாருங்கள், சரியாகாவிட்டால் ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவுங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பகீரென்றது.

நான் கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் டி.டி.பி. தொழிலில் இருப்பவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்துத்தான் குடும்பம் நடத்தினேன். உங்கள் அலுவலகத்தில் பக்கம் கட்டுகிறவர்களைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வரிக்கு வரி ஆங்கில எழுத்தும், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடத்தில் அரைப்புள்ளியும்தான் தெரியும். கோப்பு கெடவில்லை ஐயா. எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு வேண்டுமென்றால் மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழக அரசே 2010இல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்னால் அடித்ததில் பெரும்பாலானவை பழைய எழுத்துருக்களில்தானே கிடக்கின்றன? பிரதி எடுக்காமல் ஃபார்மட் செய்தால் அவ்வளவும் போச்சு.

எங்களுக்கு இது புதிதல்ல. 2021 செப்டம்பரில் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்ததும், நெட்வொர்க்கில் பகிர்ந்திருந்த பிரிண்டர் நின்றுபோனது. ‘11பி’ என்று முடியும் பிழை எண் திரையிலேயே இருந்தது. உதவி எண்ணில் பேசியவர் அந்த எண்ணைக் கேட்கவே இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார், அப்புறம் பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போடச் சொன்னார். ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகைகள் அச்சேறாமல் கிடந்தன. பிரிண்டர் பாதுகாப்புக்காக அந்த அப்டேட்டில் செய்த மாற்றம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வங்கித் தளம் திறக்கவில்லை என்றாலும் ‘கேஷ் கிளியர் பண்ணுங்க சார்’ (உலாவி சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை அழிக்கச் சொல்வது) என்ற ஒரே பாட்டுதான். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதிலிருந்து, எதைக் கேட்டாலும் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் வரும்படி என்னவென்று கேட்பாரில்லை.

உங்கள் பத்திரிகையும் அப்படிப் பேசியதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எந்த விண்டோஸ், எந்த எழுத்துரு, என்ன பிழை எண் என்று எழுதி அனுப்பும்படி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வரி போடுங்கள். அந்த வாசகர் ஃபார்மட் செய்வதற்குள் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்