பாட்டிக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இடைநிலைப் பள்ளியில் 27 வருஷம் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியதில்லை. சோதனைக் குழாய் கழுவுவது, கரைசல் கலக்கி வைப்பது, பிள்ளைகள் உடைத்த பீக்கருக்குக் கணக்கு எழுதுவது, இதுதான் என் வேலை. எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றில்தான் பிறந்தேன். அம்மா பால்மரம் வெட்டினார் (பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம்), அப்பாவுக்கு அந்தப் பாலைக் கட்டவைக்கும் ஸ்டோரில் வேலை.

போன மாதம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பக்கத்து வீட்டுப் பெண், ஐந்தாம் படிவம் படிக்கிறாள், பாடநூலோடு வந்து நின்றாள். "தாத்தா, இந்த பெங்கும்பாலான் லாதெக்ஸ் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது." புத்தகத்தில் ஒரு படம். வட்டங்கள், வட்டத்தைச் சுற்றிக் கழித்தல் குறிகள், ஹைட்ரஜன் அயனிக்கு ஓர் அம்புக்குறி. அதன் கீழே மலாயில் இருந்த ஐந்தாறு வரிகளை அவள் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். "இது என்னன்னு தெரியுதா?" என்று கேட்டேன். தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் உளி பிடித்த கை. அவரைக் கூப்பிட்டு, "அக்கா, பால்ல ஆசிட் ஊத்துனா என்னாகும்?" என்றேன். "கட்டிப்போகும். இதைக் கேக்கவா கூப்பிட்டீங்க?" என்றார். அந்தப் பெண் பாட்டியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டி சொல்லும் 'பால் கட்டுறது'தான் பாடநூலின் 'பெங்கும்பாலான்' என்று அவளிடம் இதுவரை யாருமே சொல்லவில்லை.

அப்புறம் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தெரிந்தவரின் சிறுதோட்டத்துக்குப் போனேன். இங்கே முக்கால்வாசிக் காடு செம்பனையாகிவிட்டது. பால்மரம் இன்னும் நிற்பது இப்படிச் சில்லறையாக ஆங்காங்கேதான். ஒரு போத்தல் பாலும் கொஞ்சம் அம்மோனியாவும் கொடுத்தார்.

வீட்டு வாசலில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாலை ஊற்றினோம். ஒன்றில் அம்மோனியா சில சொட்டு, அது பாட்டுக்கு அப்படியே இருந்தது. இன்னொன்றில் சமையல் வினிகரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கச் சொன்னேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கலக்கும் குச்சி கனத்தது. குச்சியில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டின, துணுக்குகள் சேர்ந்து கொழகொழவென்று ஒரு கட்டியாகி, சுற்றிலும் கலங்கின தண்ணீர் பிரிந்தது. அந்தப் பெண் கட்டியை வெளியே எடுத்துப் பிழிந்து இழுத்துப் பார்த்தாள். நீண்டது, விட்டதும் சுருங்கியது. "ஐயே, நாத்தம்" என்றாள். பாட்டி சிரித்துவிட்டார், அந்த நாற்றத்தில்தானே அவர்கள் பிழைப்பு ஓடியது.

பிறகு அவள் கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "இப்ப இதுல அம்மோனியா ஊத்துனா மறுபடியும் பாலாயிடுமா?" ஊற்றினோம். ஆகவில்லை. அப்போதுதான் அந்தப் படத்தைத் திறந்தேன். ரப்பர் துகள் ஒவ்வொன்றுக்கும் புரதத்தால் ஒரு மேல்தோல், அதில் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம், படத்தில் கழித்தல் குறி போட்டிருப்பது அதுதான். எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி வந்து அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. துகள்கள் மோதுகின்றன, தோல் கிழிகிறது, உள்ளேயிருக்கும் நீளநீளமான ரப்பர் சங்கிலிகள் சிக்கிக்கொள்கின்றன. கிழிந்த தோலை அம்மோனியா தைத்துத் தராது. முன்னாடியே ஊற்றினால் அமிலத்தைச் சமன் செய்யும், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பாட்டி விடவில்லை. "மங்குல விட்டுட்டு வந்த பாலு மறுநாள் கட்டிப்பாலா கெடக்கும். அதுக்கு யாரு ஆசிட் ஊத்துனா?" (மங்கு என்பது மரத்தில் பால் சேரும் கோப்பை.) எஸ்.பி.எம். தாளில், அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வில், வர வேண்டிய கேள்வி. காற்றிலிருந்து வந்து விழும் பாக்டீரியா, பாலிலேயே அமிலத்தை உண்டாக்கிவிடுகிறது. தயிருக்கு உறை ஊற்றினால் நடப்பதற்கு இது பங்காளி முறை. இதைச் சொன்னதும் பேத்தியை முந்திக்கொண்டு பாட்டி தலையாட்டினார்.

வாத்தியார்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பாரம் நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஆனால் இதையும் பார்த்திருக்கிறேன் (எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்): வினைவேகப் பாடத்துக்காகச் சோடியம் தயோசல்பேட்டை ஐந்து செறிவில் கலக்கி, தாளில் பெருக்கல் குறி போட்டு, ஸ்டாப்வாட்ச் வரை எடுத்து வைத்துக் காத்திருப்பேன். அதில் அமிலம் விட்டதும் கந்தகம் படிந்து, கரைசல் மஞ்சளாகக் கலங்கி, அந்தக் குறி மறைவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. வகுப்பு வராது. சிலபஸ் முடியவில்லையாம். அந்த வாரக் கடைசியில் நாற்பது அறிக்கைகள் மேசைக்கு வரும், நாற்பதிலும் ஒரே வளைகோடு, விநாடிகூடப் பிசகாது. கரைசலைத் தொட்டியில் ஊற்றியது நான்தான். இப்போது எஸ்.பி.எம். வேதியியலின் மூன்றாம் தாளே செய்முறைத் தேர்வு. கையில் தொடாத பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்?

வேதியியலைத் தமிழில் நடத்துங்கள் என்று கேட்கவில்லை. அது வேறு வழக்கு. படத்துக்கு முன்னால் பொருளைக் காட்டுங்கள், 'உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன். மலாய் ஆசிரியரும் சீன ஆசிரியரும்கூடக் கேட்கலாம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கோலகங்சாரில், 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு ரப்பர் வெறும் அம்புக்குறியாக இருந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டோரில் பாலைக் கட்டவைக்க ஊற்றிய பார்மிக் ஆசிட்டை யாரும் வீட்டில் தொட வேண்டாம். ஜான் ரே என்ற ஆங்கிலேயர் 1671-இல் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்தது அதுதான்; முசுறு கடித்தவர்களுக்கு எரிச்சல் தெரியும். என் அப்பாவின் கால்சட்டை எல்லாவற்றிலும் அந்த ஆசிட் போட்ட ஓட்டைகள் இருந்தன. வினிகர் போதும்.

இந்தப் பக்கத்துப் பள்ளி எதற்காவது பால் வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து தருகிறேன். முதல் நாளே சொல்லிவிட வேண்டும், காலை 11 மணிக்குள் வகுப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் போத்தலிலேயே கட்டிவிடும். மழை பெய்தால் மரம் வெட்ட மாட்டார்கள், அன்றைக்கு மட்டும் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.