9 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே யார் கேட்பார்கள்?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த மிகத் தாழ் அதிர்வெண் கட்டுரை, அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு ஆசை மூட்டும்படி இருந்தது. ஆனால் 9 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உரிமம் வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற வரியைத் திருத்தியே ஆக வேண்டும். நம்பி இறங்குகிறவர் மாட்டிக்கொள்வார்.

முதலில் அந்த எண்ணே பழையது. 2012 உலக வானொலி மாநாட்டில், எந்த அதிர்வெண் எந்தச் சேவைக்கு என்று சொல்லும் சர்வதேச ஒதுக்கீட்டு அட்டவணையின் கீழ் எல்லை 9-இலிருந்து 8.3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 8.3 முதல் 11.3 வரை வானிலைத் துறைக்குப் போயிற்று, அதுவும் கேட்பதற்கு மட்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் அடிக்கும் மின்னலைக் கண்டறியும் கருவிகளுக்கான இடம் அது. முன்பு 8.97-இல் அனுப்பிக்கொண்டிருந்த ஐரோப்பிய அமெச்சூர்கள் 8.27-க்கு நகர்ந்தது இதனால்தான். ஜெர்மனியில் அவர்களுக்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. அந்நாட்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதிர்வெண் பயன்பாடு என்பதையே 8.3 கிலோஹெர்ட்ஸ் முதல் 3000 கிகாஹெர்ட்ஸ் வரை என்றுதான் வரையறுக்கிறது. அதற்குக் கீழே போனால் அது சட்டத்தின் கணக்கில் வராது.

நம் நிலைமை வேறு. 1885 தந்திச் சட்டம் வானொலி அலைக்கு 3000 கிகாஹெர்ட்ஸ் என்று மேல் எல்லையை மட்டுமே சொன்னது. கீழ் எல்லை என்று ஒன்றைச் சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2023 தொலைத்தொடர்புச் சட்டமோ ரேடியோ கருவி வைத்திருக்கவே அனுமதி கேட்கிறது. சர்வதேச விதியும் 8.3-க்குக் கீழே அனுமதி கொடுக்கும் அரசு, மேலே உள்ள சேவைகளுக்குக் குறுக்கீடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அனுமதி தரவேண்டியது அரசு. நாமே எடுத்துக்கொள்வதற்கு அதில் இடமில்லை. கடற்படையின் நீர்மூழ்கித் தொடர்பு நிலையம் 1990 முதல் விஜயநாராயணத்தில் இயங்கிவரும்போது, திருநெல்வேலிப் பக்கத்து வாசகரிடம் போய் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது கொஞ்சம் துணிச்சல்தான்.

அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் கணக்கைப் பாருங்கள். 9 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 33 கிலோமீட்டர். பட்டத்தில் தூக்கிய 100 மீட்டர் கம்பியின் மின்தேக்கம் சுமார் 600 பிகோஃபாரட். அதை ஒத்திசைக்க அரை ஹென்றிக்குச் சற்று மேல் சுருள் வேண்டும். கதிர்வீச்சுத் தடை 0.0036 ஓம்தான். அதாவது ஒரு ஆம்பியர் ஓட்டினால் காற்றில் போவது 3.6 மில்லிவாட், அதற்குக் கம்பியின் அடியில் நிற்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 30,000 வோல்ட். சுருள் கருகுவதும், சுற்றுகளுக்கு இடையே பொறி பறப்பதும் இங்கே வழக்கமான கோளாறுகள். மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஊரில் உலோகக் கம்பி கட்டிய பட்டம் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு 2007 மாநாடு அமெச்சூர்களுக்குக் கொடுத்த 135.7–137.8 கிலோஹெர்ட்ஸ் பட்டை இருக்கிறது. உங்கள் உரிமத்தின் அட்டவணையில் அது அச்சாகியிருந்தால் மட்டுமே தொடுங்கள். அங்கே உச்ச வரம்பு இ.ஐ.ஆர்.பி. கணக்கில், அதாவது எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட கதிர்வீச்சுத் திறனில், 1 வாட். கேட்கச் சொற்பமாகத் தெரியும். 12 மீட்டர் உயரம், மேலே 40 மீட்டர் கிடைக்கம்பி, சுமார் 4.5 மில்லிஹென்றி சுருள், தரை இழப்பு 80 ஓம் என்று வைத்தால், 100 வாட் ஊட்டினால் வெளியே போவது இ.ஐ.ஆர்.பி.யில் 0.12 வாட்தான். 1 வாட்டைத் தொட 800 வாட்டும், 12,000 வோல்ட் தாங்கும் சுருளும் வேண்டும். டிரான்ஸ்மிட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ஐந்தாம் மடங்கு 685 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே, மத்திய அலை வானொலிக்குள் விழும். வடிகட்டி இல்லாமல் ஆன்டெனாவில் மாட்டக் கூடாது. உயர் அழுத்த மின்பாதைகளின் வழியே மின்வாரியங்கள் அனுப்பும் கட்டுப்பாட்டு சிக்னல்களும் இந்தப் பகுதியில் ஓடுகின்றன. அமெரிக்காவில் 2017-இல் இந்தப் பட்டையைத் திறந்தபோது, அத்தகைய பாதையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அனுப்பக் கூடாது, முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும் என்று விதித்தார்கள். நமக்கும் அது நல்ல அளவுகோல்.

இவ்வளவு பாடுபடுவதைவிடக் கேட்பதில்தான் இங்கே விஷயம் இருக்கிறது. விஜயநாராயணத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் சிக்னலின் வலுவைப் பதிவு செய்தால், சூரியத் தீச்சுடரால் அயனி மண்டலம் மாறுவது அதில் தெரியும். ஒரு மீட்டர் சதுர மரச்சட்டம் செய்யுங்கள். இரும்பு, அலுமினியம் வேண்டாம். சட்டமே குறுக்குச் சுற்றாகிவிடும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 25 கேஜ் எனாமல் கம்பி 400 கிராம் வாங்கினால் 50 சுற்றுக்குப் போதும். தூண்டம் சுமார் 8 மில்லிஹென்றி வரும். 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு 10 நானோஃபாரட் அளவில் மின்தேக்கி இணைத்து, சிறு மதிப்புகளைக் கூட்டிக் குறைத்து ஒத்திசையுங்கள். மின்தேக்கி ஃபிலிம் வகையாகவே இருக்கட்டும். செராமிக் போட்டால் மதிய வெயிலில் அதன் மதிப்பு நகர்ந்து, அயனி மண்டலத்தின் மாற்றம்போலவே ஒரு பொய் வளைவைத் தினமும் வரைந்து காட்டும்.

மரச்சட்டத்துச் சுருளிலிருந்து உறையிட்ட மைக் கேபிள், 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், 48,000 மாதிரி வேகமுள்ள சவுண்ட் கார்டின் லைன் இன்புட்: இதுவே ரிசீவர். மைக் இன்புட்டைத் தவிருங்கள். சிக்னலின் வலுவை மட்டும் பதிவு செய்யுங்கள்; கடற்படைச் செய்தி மறையீடு செய்யப்பட்டது, அதைத் தோண்டுவது நம் வேலையில்லை. சூரியத் தீச்சுடர் வெடித்தால் பகலில் பதிவின் கோடு சட்டென்று ஏறி அல்லது இறங்கி, பிறகு மெல்ல, சில பத்து நிமிடங்களில் பழைய நிலைக்கு வரும். செங்குத்தாக விழுந்து இரைச்சலோடு ஒட்டிக்கொண்டால் நிலையத்தையே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

600 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கு 18.2 பொருந்தும். நாகர்கோவில்காரருக்குப் பொருந்தாது, தரை அலையே மேலோங்கி இருப்பதால் தீச்சுடர் தெரியாது, சவுண்ட் கார்டும் திணறும். அவர் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையத்தை 19.8-இல் பிடிக்கலாம். மின்தேக்கியை 8.4 நானோஃபாரட்டாகக் குறைத்து, மரச்சட்டத்தின் முகப்பை விஜயநாராயணத்தை நோக்கித் திருப்பினால் இந்த உள்ளூர் நிலையம் அமுங்கும். ஆஸ்திரேலியா அங்கிருந்து ஏறக்குறைய குறுக்குத் திசையில் இருப்பதால் அதன் வலு அதிகம் குறையாது.

குறுக்கீடு விதி என்றால் நாம் பிறருக்குச் செய்வதையே கட்டுரை பேசியது. நமக்கு வருவதுதான் பெரிது. கணினி, டி.வி., சார்ஜர் வகைகளுக்கு மின்கம்பி வழி இரைச்சலின் சர்வதேச வரம்பு 150 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. நாம் கேட்கும் இடத்தில் அவற்றுக்கு அந்தக் கடிவாளமே இல்லை. விளக்குகளுக்கு 9-இலிருந்தே வரம்பு உண்டு, மலிவு எல்.இ.டி. பல்பு அதை மதிப்பது வேறு கதை. கணினித் திரையின் அதிர்வெண் படத்தில் 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏணிபோலக் கோடுகள் தெரிந்தால் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தடித்த கோடு அலைந்தால் யாரோ இண்டக்ஷன் அடுப்பில் சமைக்கிறார்கள். சோதிக்க மெயின் சுவிட்சை அணைத்து லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். ஆனால் இன்வெர்ட்டரை முதலில் அணையுங்கள். இல்லையென்றால் மெயின் போன கணத்தில் அது கிளம்பி முன்பைவிட அதிக இரைச்சல் தரும். இரைச்சலைத் தடுக்க வயரில் கவ்வவைக்கும்படி கட்டுரை பரிந்துரைத்த கிளிப் ஃபெரைட் இங்கே வீண்: ஒரே சுற்றில் 18 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஓம்கூடத் தேறாது. உயர் பெர்மியபிலிட்டி (காந்த ஊடுருவல்) உள்ள டொராய்டு வளையத்தில் அதே வயரை 20 சுற்று சுற்றினால் சில நூறு ஓம் கிடைக்கும்.

இன்னொன்று. ஐரோப்பாவில்போல் இங்கும் விசிலர், அதாவது மின்னலின் அலை புவிகாந்தக் கோடுகள் வழியே போய் விசில்போல இறங்கும் ஒலி, கேட்கும் என்று எழுதியிருந்தார்கள். புவிகாந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போவதால் தென் மாவட்டங்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இரவில் 1.7 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே மின்னலின் 'ட்வீக்' ஒலிகள் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு மின்தேக்கியைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை ஒத்திசைவில்லாமல் பயன்படுத்த வேண்டும்.

அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற வாசகர்,
நாகர்கோவில்