முடிவு அவளுடையது: மகப்பேறு மருத்துவம் படிக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மேற்படிப்புக்கு மகப்பேறு மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். வாழ்த்தோடு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. உன்னிடம் தனியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னோடு இந்தத் துறைக்கு வருகிறவர்களும் படிக்கட்டும் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

பிரசவ அறையைச் சுற்றி எல்லாரும் பேசுவார்கள். மருத்துவர் பேசுவார், செவிலியர் பேசுவார், வெளியே நிற்கும் கணவரும் மாமியாரும் அம்மாவும் பேசுவார்கள். வலியில் கிடப்பவளுக்கு வருவதெல்லாம் 'கத்தாதே', 'முக்கு' என்ற கட்டளைகள்தான். தெளிந்த நினைவோடு அவள் உள்ளே படுத்திருக்க, ஒப்புதல் படிவம் வாசலைத் தேடிப் போகும். அந்தப் படிவத்தை வாங்கி அவள் கையில் கொடுக்கும் மருத்துவராக நீ இருக்க வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

உன் பாடப்புத்தகத்தில் தோள் சிக்கல் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கும். அதைப் படிக்கும்போது ஸ்காட்லாந்தின் நடீன் மாண்ட்கோமரியை நினைத்துக்கொள். உயரம் குறைந்தவர், நீரிழிவு உள்ளவர். நீரிழிவுள்ள தாயின் குழந்தை பெரிதாக வளரக்கூடும். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் 9 முதல் 10 சதவீதம். குழந்தை பெரிதாக இருக்கிறதே, பிரசவம் ஆகுமா என்று அவர் தம் கவலையைச் சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் இந்த அபாயத்தை மருத்துவர் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் சிசேரியன் கேட்பார்கள், அது அவர்களுக்கு நல்லதல்ல என்பது அந்த மருத்துவரின் எண்ணம். 1999இல் பிறந்த குழந்தைக்குத் தோள் சிக்கியது. மூச்சுக்காற்று கிடைக்காத அந்த நிமிடங்கள் மூளையைப் பாதித்து, வாழ்நாள் முழுவதற்குமான ஊனத்தைத் தந்தன.

2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரியின் பக்கம் தீர்ப்பளித்தது. மற்ற மருத்துவர்களும் சொல்லாமல்தான் இருந்திருப்பார்கள் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவாரோ அதையும், வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்பதையும் சொல்வது மருத்துவரின் கடமை என்றது. அந்த மருத்துவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நல்லது என்று நம்பித்தான் மறைத்தார். எனக்கு அச்சம் தருவதே அந்த நம்பிக்கைதான், ஏனென்றால் உனக்கும் அது எளிதில் வந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, அக்கா சிசேரியனுக்கு வாதாடுகிறாள் என்று நினைத்துவிடாதே. 1987இல் வாஷிங்டனில் ஏஞ்சலா கார்டர் என்ற பெண் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். கருவுக்கு 26 வாரம். நீதிபதி மருத்துவமனைக்கே வந்து விசாரணை நடத்தி, கருவைக் காப்பாற்றச் சிசேரியன் அறுவைக்கு உத்தரவிட்டார். அதைச் சொன்னபோது, வேண்டாம் என்று அவருடைய உதடுகள் அசைந்தன. அப்படியும் அறுவை நடந்தது. குழந்தை சில மணி நேரத்தில் இறந்தது, தாய் இரண்டு நாளில் இறந்தார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. முதல் பெண்ணுக்குச் சிசேரியன் ஒரு வழி என்றே சொல்லப்படவில்லை. இரண்டாம் பெண்ணுக்கு அது வலிந்து செய்யப்பட்டது. இரண்டிலும் அவளுக்காக வேறு யாரோ முடிவெடுத்தார்கள்.

ஆகவே கத்தி படாமல் பெற்றவளுக்குப் பாராட்டும், சிசேரியனில் பெற்றவளுக்குப் பரிதாபமும் காட்டும் வழக்கத்தில் நீ சேராதே. பிரசவங்களில் சிசேரியன் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஓர் அளவைச் சொன்னது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பலரும் பெண்களை அதட்டுகிறார்கள். அதே நிறுவனம் 2015இல், குறிப்பிட்ட சதவீதத்தை எட்ட முயல்வதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றது. இங்கிலாந்தில் சிசேரியன் எண்ணிக்கை குறைவு என்று பெருமைப்பட்ட ஒரு மருத்துவமனை நிர்வாகத்தில் தாய்களும் குழந்தைகளும் தடுத்திருக்கக்கூடிய இறப்புக்கு ஆளானதை 2022இல் வந்த விசாரணை அறிக்கை விரிவாகச் சொல்கிறது. மறுபக்கம், மருத்துவரின் வசதிக்காகத் தேதி குறித்து வயிற்றைக் கீறுவதும் நடக்கிறது. நாட்டின் சதவீதம் சுகாதாரத் துறையின் கவலையாக இருக்கட்டும். உன் முன்னால் இருப்பவள் ஒருத்தி.

சின்ன விஷயங்களுக்கு வருகிறேன். உன் நாள் முழுவதும் இவற்றில்தான் கழியும். உள்பரிசோதனைக்கு முன் கேள். அவள் நிறுத்தச் சொன்னால் கையை எடு. 2018இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பிரசவகாலப் பரிந்துரைகளை முழுக்கப் படித்துவிடு: கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்று அவசரப்படுத்த வேண்டாம், வழக்கம் என்பதற்காகப் பிறப்புறுப்பில் கீறலிட வேண்டாம், நடக்கவோ உட்காரவோ விரும்பினால் விடு, அவள் விரும்பும் துணை ஒருவர் கூடவே இருக்கட்டும். இதில் எதற்கும் பெரிய செலவில்லை. இருந்தும் மறுக்கப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முழுவதும் சொல் என்றால், அவளுக்குப் பிடிக்காததையும் சொல் என்றுதான் பொருள். வீட்டில் பெற விரும்புகிறேன் என்று ஒருத்தி வருவாள். திட்டாதே. இங்கிலாந்தில் அபாயம் குறைந்த கர்ப்பிணிகளிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2011இல் வெளியானது. முதல் பிரசவத்தில் குழந்தைக்குக் கடும் பாதிப்பு, மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, திட்டமிட்ட வீட்டுப் பிரசவத்தில் 9.3. இரண்டாவது குழந்தையிலிருந்து அப்படி வேறுபாடு தெரியவில்லை. அதுவும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி உடனிருந்து, தேவைப்பட்டால் உடனே மருத்துவமனைக்கு மாற்ற முடிகிற ஏற்பாட்டில். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த எண்கள் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல். இதையெல்லாம் பேச மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது; வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு தாளை நீட்டி ஒப்புதல் பெற்றதாக எண்ணாதே.

கடைசியாக, உனக்கு மிகவும் கடினமாக இருக்கப்போவது. எல்லாவற்றையும் சொன்ன பிறகும் ஒருத்தி உன் அறிவுரையை மறுப்பாள். குழந்தையின் இதயத்துடிப்பு சரிகிறது, நீ அறுவை என்கிறாய், அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்கிறாள். உனக்குக் கை நடுங்கும், வழக்கு வருமோ என்று பயமும் வரும். அப்போது 'உன் குழந்தையை நீயே கொல்கிறாய்' என்று மட்டும் சொல்லாதே. எவ்வளவு அவசரம், எதற்காக அறுவை, காத்திருந்தால் என்ன ஆகலாம் என்பதை அவள் முகத்தைப் பார்த்து எளிய சொற்களில் சொல். உன் மூத்த மருத்துவரை அழை. அறுவை அரங்கையும் இரத்தத்தையும் தயாராக வை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுது. கோபித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதே, பக்கத்திலேயே நில். துடிப்பு மாற மாற என்ன நடக்கிறது என்று சொல்லி, அவளிடமே மறுபடியும் கேள்.

அன்புடன்,
உன் அக்கா