காலண்டர் தாளில் கடன் எழுதித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கார் விற்கும் கன்சல்டிங் உரிமையாளர்களுக்கும், அவர்கள் கடையிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லோன் பிடிக்க ஆள் உட்கார வைத்திருக்கும் பைனான்ஸ் நிறுவனங்களுக்கும், வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பதினான்கு வருடமாக வட்டி, வரி, பாக்கி இதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே உங்கள் கடையில் பத்து நிமிடம் ஏமாந்து நின்றேன் என்றால், தறிக்குப் போகிறவரும் டெய்லரும் காய்கறிக் கடைக்காரரும் எத்தனை பேர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கடிதம்.

எங்களுக்குக் கார் ஆடம்பரத்துக்கு இல்லை. மாமனாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், கோயம்புத்தூர் போய்வர வேண்டும், வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சின்ன கார் வாங்கிவிடலாம் போலிருந்தது. புது வண்டி கையைக் கடிக்கும், ரொம்பப் பழசு என்றால் நடு ரோட்டில் நிற்கும், அதனால் ரெண்டு வருசம் போல ஓடின வண்டியாகப் பார்க்கலாம் என்று முடிவு செய்து கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

முதலில் உங்களைப் பாராட்டிவிடுகிறேன். நாங்கள் பார்த்தது 2023 செப்டம்பரில் பதிவான ஒரு கிராண்ட் ஐ10 நியோஸ், நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, 1.2 லிட்டர் பெட்ரோல், 21,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூடக் கூட்டிப் போயிருந்தேன். அவர் பானட்டைக்கூட முதலில் திறக்கவில்லை, நேராகப் பின் கதவைத் திறந்து சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தார். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். “மிக்ஜாம் புயல்ல மெட்ராஸ்ல முங்கின வண்டியெல்லாம் கழுவி, சென்ட் அடிச்சு, எங்கெங்கயோ போயிருச்சுங்க்கா, பெல்ட்டோட அடி நுனியக் கழுவ மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது” என்றார். அப்புறம் ஸ்டெப்னி இருக்கிற குழியில் துரு, கதவு போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம், டயரில் இருக்கிற நாலு இலக்கம். மூன்று டயரில் 2823, அதாவது 2023ஆம் வருடம் 28ஆவது வாரம். ஒன்றில் மட்டும் 1025. ஏன் என்று கேட்டதும் கடைக்காரர் மறைக்கவில்லை, பக்கவாட்டில் கிழிந்து மாற்றியது என்று பில்லையே எடுத்துக் காட்டினார். கம்பெனி சர்வீஸ் விவரத்தையும் சேஸிஸ் நம்பரை வைத்து எடுத்துத் தந்தார், மீட்டரும் அதுவும் ஒத்துப்போனது. வண்டி விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை அடுத்த பத்து நிமிடத்தில் வந்தது. விலை 6 லட்சத்து 10 ஆயிரம். கையில் 1,10,000 போட்டால் மிச்சம் 5 லட்சம் லோன் என்றார். நாற்காலித் தம்பி மேசையில் கிடந்த தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார், பின்பக்கம் எழுதினார்: 5 லட்சம், 60, 12,083. அவ்வளவுதான். “ஒன்பது பர்சன்ட்தானுங்க்கா, டியூ பன்னெண்டாயிரத்துச் சொச்சம், ஆதாரும் மூணு மாசச் சம்பளச் சீட்டும் கொடுத்தீங்கன்னா நாளைக்கே பாஸ் ஆயிரும்.” முன்பக்கம் அன்றைய ராகு காலம், எமகண்டம் எல்லாம் நிமிடக் கணக்காக இருந்தது. கடன் பற்றிய விவரம்தான் இல்லை.

9 சதவீதம் என்றதும் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் ஒரு வங்கிக் கிளையில் புதுக் காருக்குச் சொன்ன வட்டியும் 9தான். வீட்டுக்கு வந்து கால்குலேட்டரைத் தட்டிய பிறகுதான் உறைத்தது. 5 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 45,000, ஐந்து வருடத்துக்கு 2,25,000, அசலோடு சேர்த்து 7,25,000, அதை 60ஆல் வகுத்தால் 12,083. தம்பி சொன்னது ஃப்ளாட் வட்டி. ஐந்தாவது வருடம் நான் கட்ட வேண்டிய அசல் ஒரு லட்சத்துச் சொச்சமாகக் குறைந்திருக்கும்போதும் முழு 5 லட்சத்துக்கும் வட்டி வாங்குகிற கணக்கு. வங்கிக்காரர் சொன்ன 9, குறையும் அசலுக்கான 9. அந்தக் கணக்கில் இதே 5 லட்சத்துக்குத் தவணை 10,379தான் வரும். உங்கள் 12,083ஐ வங்கிக் கணக்குக்கு மாற்றினால் வட்டி ஏறத்தாழ 15.7 சதவீதம். ஐந்து வருடத்தில் வித்தியாசம் 1,02,000 ரூபாய்க்கு மேல்.

அதிக வட்டி வாங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பதில் உங்களுக்கு ஆபத்து அதிகம், வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள், அதற்கு ஒரு விலை இருக்கும். 15.7 என்றால் 15.7 என்று சொல்லுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். 9 என்று சொல்லி 15.7 வாங்குவதுதான் பிரச்சினை. காரின் பானட்டைத் திறந்து காட்ட அவ்வளவு மெனக்கெடுகிற நீங்கள், கடனின் பானட்டை மட்டும் ஏன் வெல்டிங் வைத்து மூடி வைத்திருக்கிறீர்கள்?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கும் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம், ஒவ்வொரு மாதமும் அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்ற அட்டவணை, முன்கூட்டிக் கட்டினால் என்ன பிடிப்பீர்கள், புகார் என்றால் யாரிடம் போவது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதுவும் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், அதை விளக்கிச் சொல்லிப் புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை எங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. நான் தம்பியிடம் போனில் இந்தத் தாளைக் கேட்டபோது “அதெல்லாம் லோன் பாஸ் ஆனதும் அக்ரிமென்ட்டோட வந்துருங்க்கா” என்றார். வந்த பிறகு எதற்கு? தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கச் சொல்வது போல இருக்கிறது.

அந்த அட்டவணையை நானே எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன், தூக்கம் போனது. ஒரு வருடம் ஒழுங்காக 12 தவணை கட்டினால் 1,45,000 ரூபாய் போயிருக்கும், ஆனால் அசலில் குறைவது ஏறத்தாழ 71,000தான், பாக்கி 4,28,000 நிற்கும். ஃப்ளாட் கணக்கை நம்புகிறவர் வருடத்துக்கு ஒரு லட்சம் அசல் கழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். சரி, அந்த நேரத்தில் வண்டிக்கு ஏதாவது ஆகி முழு நஷ்டம் என்று ஆனால்? இன்சூரன்ஸ் தருவது ஐ.டி.வி. தொகைதான், அதாவது வண்டிக்குப் பாலிசியில் போட்டிருக்கிற மதிப்பு. மூன்று வருடம் தாண்டிய வண்டிக்குப் புது வண்டி விலையில் 40 சதவீதம் தேய்மானம். புதுசின் ஷோரூம் விலை 6,40,000 என்றால் ஐ.டி.வி. 3,84,000. வண்டியும் போய், இன்சூரன்ஸ் பணம் முழுக்க உங்களிடம் வந்து, அதற்கு மேலும் 44,000 நான் கையிலிருந்து தர வேண்டும்.

புது வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. கன்சல்டிங் உரிமையாளர்களுக்கு இது தனியாக. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் அதற்கு மேல் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியும் போய் 18 ஆனது. பெட்ரோல் சின்ன காரில் 29ஆக இருந்தது 18 ஆனால், அதை அப்படியே விலையில் இறக்கினால் எட்டரை சதவீதம் குறையும். நீங்கள் இன்னமும் “புதுசு இப்ப எட்டரை லட்சம் ஆவுதுங்க” என்று பழைய பாட்டையே பாடுகிறீர்கள். நான் ஷோரூமில் விசாரித்தேன். 6,40,000 விலை, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 13 சதவீதம், அதாவது 83,200, இன்சூரன்ஸும் சில்லறையும் சேர்த்து ரோட்டுக்கு வர 7,65,000. அதே 1,10,000 கையில் போட்டு மிச்சத்துக்கு வங்கியில் ஐந்து வருடக் கடன் என்றால் தவணை 13,597. உங்கள் பழைய வண்டியின் தவணையைவிட 1,514 ரூபாய்தான் கூடுதல்! விலையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தெரிகிற வித்தியாசம், கடைசித் தவணை கட்டும்போது 90,000 சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. ரெண்டு வருசம் இன்னொருவர் ஓட்டின வண்டிக்கு அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் நாங்கள் அந்த நியோஸையேதான் வாங்கினோம். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் உரிமையாளர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார், டீ சொன்னார், 5,65,000க்கு இறங்கினார். உங்களோடு பேரம் பேச முடியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்து 2,15,000 போட்டோம். மிச்சம் 3,50,000க்கு ஒரு வங்கியில் பழைய வண்டிக் கடன், 11.5 சதவீதம், குறையும் அசலுக்கு, மூன்றே வருடம். தவணை 11,542. காலண்டர் தாளில் இருந்ததைவிடக் குறைவு, இரண்டு வருடம் முன்னாலேயே முடிகிறது, மொத்த வட்டி 65,500. கையில் போட்ட பணமும் சேர்த்து வண்டிக்கு எங்களுக்கு ஆகிற செலவு 6,30,500. உங்கள் வழியில் போயிருந்தால் 8,35,000. அதே வண்டி, அதே கீறல், அதே 1025 டயர். வங்கியிலும் ஒன்றும் பூமாலை போட்டு வரவேற்கவில்லை, மூன்று தடவை அலைய விட்டார்கள், விவர அறிக்கையை ஆங்கிலத்தில் நீட்டினார்கள். தமிழில் கேட்டேன். சிஸ்டத்தில் தேடிப் பார்த்து, இருக்கிறதே என்று அவர்களே ஆச்சரியப்பட்டுக்கொண்டு அச்சடித்துக் கொடுத்தார்கள்.

பெயர் மாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 29, 30 படிவங்களில் பழைய உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கி, வாங்குகிறவர் பெயரைக் காலியாக விட்டு, ஓப்பனில் வண்டியைச் சுற்ற விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி உங்கள் கைக்கு வந்ததும் 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் ஏறி இறங்கிய ஐந்து கடைகளில் அந்தச் சான்றை மாட்டி வைத்திருந்தது ஒரே ஒரு கடை. மற்ற நாலிலும் திருஷ்டிப் பொம்மை இருந்தது. இன்சூரன்ஸில் “என்.சி.பி.யோட வருதுங்க” என்றும் சொல்லாதீர்கள், கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் அந்தச் சலுகை பழைய உரிமையாளருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. பாலிசியை 14 நாளைக்குள் எங்கள் பெயருக்கு மாற்றவில்லை என்றால் வண்டி சேதத்துக்குக் கிளெய்ம் கேட்பது பெரும்பாடு. அதை ஒரு கடையில்கூட யாரும் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால், லோன் பாஸ் ஆவதற்கு முன்னால், அந்த விவர அறிக்கையைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வாயால் சொல்கிற வட்டியும் அதில் இருக்கிற வட்டியும் ஒன்றாக இருக்கட்டும். முன்கூட்டி முடித்தால் பாக்கியில் எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள் என்பதை “கட்டிக்கலாங்க்கா, பாத்துக்கலாம்” என்று மழுப்பாமல் எழுத்தில் காட்டுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு டியாகோ பார்க்க உங்கள் பக்கம் வருகிறார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, கூட்டல் கழித்தலும் நான்தான் பார்க்க வேண்டும், அதனால் நானும் வருகிறேன். பத்து மணிக்கு வந்துவிடுவோம், தாளை அடித்து வையுங்கள்.