பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் இலங்கையின் பதுளைப் பக்கம் மலைச்சரிவுகள் பெயர்ந்தபோது, எங்கள் தோட்டப் பாடசாலைக்குள்ளும் முழங்கால் அளவு சேறு. மண்வெட்டியோடு வந்து மூன்று நாள் எங்களோடு நின்று அள்ளினீர்கள், அண்ணா.

அதைவிட, குப்பையோடு போகவிருந்த சேர்வு இடாப்பை, பிள்ளைகள் சேர்ந்த விவரம் எழுதிய பதிவேட்டை, நீங்கள் எடுத்து வைத்ததுதான் பெரிது. ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே பழைய பத்திரிகைத் தாள் வைத்து, அடுப்பருகே உலர்த்தினீர்கள். மை கலைந்திருந்தாலும் பெயர்களை வாசிக்க முடிகிறது. இன்று கொழுந்து பறிக்கும் அம்மாமார் பாடசாலையில் சேர்ந்த நாள்கூட அதில் இருக்கிறது. தோட்டத்து லய வீட்டோடு பிறப்புச் சான்றிதழையும் இழந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பாடசாலை மீண்டும் திறந்த அன்று உங்களைத் தேடினோம். இடாப்பு அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருக்கிறது, அண்ணா. மிக்க நன்றி.